நிறுத்திட்டேன் என்று உன்னிடம் சொன்னேன்

என் பிலோ கண்ணு,

அண்ணி எழுதுகிறேன். நேற்று கல்லறைத் திருநாள். நானும் உன் அண்ணனும் காலையிலேயே உன்னிடம் வந்துவிட்டோம். மூன்று நாளாக விடாத மழை, கல்லறைத் தோட்டம் முழுக்கக் கணுக்கால் அளவு சேறு. சிலுவைக்கு வெள்ளையடிக்க அண்ணன் சுண்ணாம்பு கரைத்துக் கொண்டுவந்திருந்தார். அவர் அடிக்க அடிக்க மழை கழுவிக்கொண்டே போனது. மெழுகுவத்தியும் நிற்கவில்லை. கடைசியில் குடையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றை ஏற்றி, அது அணைவதற்குள் அருள்நிறை மந்திரம் சொல்லி முடித்தோம்.

உன் முன்னால் நின்று ஒரு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்துத்தான் கிளம்பினேன். அங்கே வந்ததும் வாய் எழவில்லை. சுற்றிலும் கூட்டம், குடைகள், அழுகை. அதனால் இப்படி எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் படிக்கட்டும். இந்த விஷயத்தை நாம் இரண்டு பேரும் குசுகுசுவென்றே பேசிப் பேசித்தான் இவ்வளவும் ஆயிற்று.

முதலில் வீட்டுச் சேதி. சேலையூரில் நம் தெருவில் இந்த வருஷமும் தண்ணீர் வாசற்படி ஏறிவிட்டது. அண்ணனுக்கு ரயில்வே ஷெட்டில் இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. முழங்கால் வலிக்கிறது என்கிறார், ஆனால் சைக்கிளை விடமாட்டேன் என்கிறார். உன் பின்போர்ஷனை வாடகைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அவர் கதவைக்கூடத் திறந்து காட்டவில்லை. "ரிப்பேர் கீதுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அங்கே என்ன ரிப்பேர் இருக்கிறது, பிலோ?

நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது நமக்கு ஏறத்தாழ ஒரே வயது. நீ எட்டு மாதம் சின்னவள். கல்யாணம் வேண்டாம் என்று ஒரே பிடியாக நின்று, பின்போர்ஷனில் உனக்கென்று ஓர் அடுப்பு வைத்துக்கொண்டு, எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் லைனுக்குச் சூப்பர்வைசராக இருந்தாய். நாத்தனார் கூடவே இருந்தால் குடித்தனம் உருப்படுமா என்று என் அம்மா வீட்டில் கேட்டார்கள். உருப்பட்டது. என் மகனை நான் பள்ளிக்கூடத்திலிருந்து திரும்பும்வரை நீதான் பல நாள் பார்த்துக்கொண்டாய். இன்றைக்கும் பெங்களூரிலிருந்து போன் பேசும்போது, அத்தை இல்லாத வீட்டுக்கு வரவே பிடிக்கவில்லை என்கிறான்.

நான் என் வகுப்புப் பெண் ஷீலாவை அறைந்த நாள் உனக்கு நினைவிருக்கும். தொண்ணூற்று ஒன்றாம் வருஷம், ஒன்பதாம் வகுப்பு ஜியோமெட்ரி. அவள் கேட்டது நியாயமான சந்தேகம். இரண்டாவது தடவை கேட்டாள், அவ்வளவுதான். என் கை எப்போது எழுந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவளுடைய தோடு கழன்று முதல் பெஞ்சுக்கு அடியில் போய் விழுந்தது. காதில் ரத்தம். அத்தனை வருஷ வேலையில் நான் யார் மேலும் ஸ்கேலைக்கூட ஓங்கியதில்லை. மறுநாள் அவள் அப்பா வந்தார். சண்டை போடுவார் என்று தலைமை ஆசிரியையும் நானும் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவர் என்னைப் பார்த்து, "நீங்களா டீச்சர்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதற்கும் முன்பே எனக்கு ஆறு ஏழு மாதமாகத் தூக்கம் இல்லை. திடீர் திடீரென்று நெஞ்சிலிருந்து உச்சந்தலைவரை நெருப்பு ஏறும், ஜாக்கெட் நனையும், பிறகு குளிரும். மாதவிலக்கு ஒரு மாதம் வராது, அடுத்த மாதம் பதினைந்து நாள் நிற்காது. யார் என்ன சொன்னாலும் அழுகையோ கோபமோ வரும். எனக்குப் பைத்தியம் பிடிக்கப்போகிறது என்றே நினைத்தேன். உன்னிடம் மட்டும்தான் சொன்னேன்.

ஷீலாவை அறைந்த அந்த வாரம், ஸ்டேஷன் மேம்பாலம் ஏறி இறங்கி, மேற்குத் தாம்பரத்துப் பிரசவ டாக்டரம்மாவிடம் போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டார். "முழுசா நிக்கல டீச்சர், நிக்கப்போற சமயம். இந்தச் சமயம்தான் ரொம்பப் படுத்தும். உங்க மேல தப்பு ஒண்ணும் இல்ல," என்றார். மார்பைப் பரிசோதித்தார், பிரஷர் பார்த்தார், வீட்டில் யாருக்கு என்னென்ன நோய் என்று விசாரித்தார். அப்புறம்தான் ஹார்மோன் மாத்திரை எழுதினார். "ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வந்து காட்டணும். நீங்களாவே வாங்கிப் போட்டுக்கிட்டு இருக்கக்கூடாது," என்று இரண்டு தடவை சொன்னார்.

ஒன்றரை மாதத்தில் நான் எனக்குத் திரும்பக் கிடைத்தேன், பிலோ. தூங்கினேன். ஷீலாவைக் கூப்பிட்டு வகுப்பு முன்னால் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சின்ன மாத்திரையை நான் எவ்வளவு நேசித்தேன் என்று இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். உனக்கும் அதே நெருப்புதான். கம்பெனியில் இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் உன் இடம். புடவை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், லைனில் வேலை செய்யும் பெண்கள் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார்கள் என்றாய். நூல் இரண்டாகத் தெரிகிறது, சரியாகப் பார்க்காமல் விட்டுவிட்டேன், பீஸ் எல்லாம் திரும்பி வந்துவிட்டது என்று ஒருநாள் சொல்லி அழுதாய். அன்றைக்குத்தான் கேட்டாய்.

"அண்ணி, உங்க மாத்திரையில எனக்கும் ஒரு அட்டை குடுங்களேன்."

"டாக்டரம்மாகிட்ட வா பிலோ, நான் கூட்டிட்டுப் போறேன்."

"ஐயோ, வேணாம். கல்யாணம் ஆகாதவ அந்த டாக்டர்கிட்ட போய் வரிசையில உக்காந்தா என்ன பேசுவாங்க தெரியுமா? நம்ம கோயில்காரங்க பாதிப் பேர் அங்கதான் வராங்க."

"பேசுனா பேசட்டும்."

"உங்களுக்கென்ன அண்ணி, மகன் இருக்கான், சொல்லிடுவீங்க. எனக்கு அப்படி இல்ல."

நான் மறுபடி வற்புறுத்தியிருக்கவேண்டும். இரண்டு நாள் வற்புறுத்தினேன். மூன்றாவது நாள் என் கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து உன் கையில் வைத்துவிட்டேன். அப்புறம் என் சீட்டைக் காட்டியே மாதாமாதம் இரண்டு பேருக்கும் வாங்கினேன். மெடிக்கல் கடைக்காரர் ஒருநாள், "என்ன டீச்சர், ரெண்டு மாசத்துக்கா?" என்று கேட்டார். ஊருக்குப் போகிறேன் என்று சொன்னேன். கேட்பதை நிறுத்திவிட்டார்.

உனக்கும் நன்றாகத்தான் ஆயிற்று. அதை மறைக்கமாட்டேன். அந்த இரண்டரை வருஷம் நாம் எவ்வளவு சிரித்தோம். செப்டம்பரில் பெசன்ட் நகர் மாதா கோயில் தேருக்குப் போய், கூட்டத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு, வெறுங்காலோடு பஸ் ஏறித் தாம்பரம் வந்து இறங்கினோம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் டாக்டரம்மாவிடம் போவேன். அவர் பரிசோதித்து எல்லாம் சரி என்பார். வீட்டுக்கு வந்து, "எல்லாம் சரியாம்" என்று உன்னிடம் சொல்வேன். என் உடம்பைப் பார்த்துவிட்டு இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் சொன்னதுபோல நீயும் நானும் எடுத்துக்கொண்டோம். கணக்கு டீச்சர் நான், இதில் இருந்த தப்பு எனக்குப் புரியவில்லை பார்.

தொண்ணூற்று நான்கு, ஈஸ்டருக்கு முந்தைய தபசு காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்ததும் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாய். ஜாக்கெட்டை விலக்கி என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தாய். கோலிகுண்டு அளவு, அசையாமல் இருந்தது.

"எப்ப இருந்துடி?"

"கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே. வலிக்கல அண்ணி, அதான் சொல்லல."

அடுத்த நாளே உன்னை இழுத்துக்கொண்டு போனேன். இரண்டரை வருஷம் முன்னால் போகாத அதே இடத்துக்கு. டாக்டரம்மா கட்டியைத் தொட்டுப் பார்த்தபோது அவர் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். சொன்னாய்.

"யாரு எழுதிக் குடுத்தாங்க?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ, "நானேதான் டாக்டர். கம்பெனியில ஒருத்தி சொன்னா, கடையில கேட்டு வாங்கினேன்," என்றாய். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உனக்குப் பொய் சொல்லவே வராது. அன்றைக்கு அத்தனை சரளமாக வந்தது. நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் ஆயிற்று. நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டி இருந்த இடத்தில் கரண்ட் வைத்தார்கள். ஊசி போட்டார்கள். நான் சம்பளமில்லாத லீவு போட்டு உன்னோடு இருந்தேன். ஆபரேஷன் முடிந்து உன் நோய்க்குப் பெயர் தெரிந்த அன்றே என் மாத்திரையை நிறுத்திவிட்டேன். இதை நீ நம்பவேண்டும், பிலோ. உண்மையாகவே நிறுத்தினேன். இருபத்து மூன்று நாள்.

இருபத்து மூன்றாவது நாள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும். முதல் ஊசி போட்டு வந்த மறுநாள், காலையிலிருந்து உனக்கு வாந்தி. இரண்டு தடவை விரிப்பை மாற்றிவிட்டேன். மூன்றாவது தடவையும் வாந்தி எடுத்தாய். எனக்கு உடம்பெல்லாம் தீ. "நான் ஒருத்தி எத்தனை தடவைதான் தொவைக்கிறது? இதுக்கு நீ செத்தாலும்..." என்றேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன். நிறுத்தி என்ன? நீ விரிப்பின் ஓரத்தை நீயே மடித்துத் தரையைத் துடைத்தாய். "மன்னிச்சிடுங்க அண்ணி," என்றாய்.

மறுநாள் லீவை நீட்டிக்கப் பள்ளிக்கூடம் போனபோது, ஸ்டாஃப் ரூம் அலமாரியில் கிடந்த பழைய அட்டையை எடுத்து, குழாயடியில் நின்று ஒரு மாத்திரை போட்டுக்கொண்டேன். அதற்கடுத்த நாளும். இரண்டு மூன்று வாரத்தில் என் குரல் இறங்கியது, என் கை மெதுவானது. உன் தலையைத் தொட்டால் உனக்கு வலிக்காதபடி தொட முடிந்தது. உன்னைப் பார்த்துக்கொள்ளத்தான் மறுபடி ஆரம்பித்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அந்த நெருப்புக்குத் திரும்பிப் போக எனக்குத் துணிச்சல் இல்லை.

சிகிச்சை முடிந்து உனக்கு முடி கொஞ்சம் வளர்ந்திருந்த சமயம். தலைக்குச் சீப்பு வைக்க முடிகிறது என்று அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தாய். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அண்ணி, நீங்க அத நிறுத்திட்டீங்கல்ல?"

"நிறுத்திட்டேன்."

"சத்தியமா?"

"மாதா சத்தியமா."

"அப்பா! நல்லவேளை. எனக்கு வந்தது என்னோட போவட்டும்," என்றாய். உன் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

அது ஒரு தடவையோடு முடியவில்லை. அடுத்த வருஷம் நோய் திரும்பி வந்து நீ படுக்கையிலேயே ஆகிவிட்ட அந்த மே மாதம், கரண்ட் போகும். எல்லோருக்கும் வேர்ப்பதுபோல எனக்கும் வேர்க்கும். ஆபரேஷன் பக்கத்துக் கை உனக்கு உரல் மாதிரி வீங்கிக் கிடந்தது. மறு கையால் விசிறியை எடுத்து எனக்கு விசிறினாய். "நிறுத்தினதுல ரொம்ப எரியுதா அண்ணி? பாவம்," என்றாய். நான் சும்மா உட்கார்ந்து அந்தக் காற்றை வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் இல்லை, எத்தனையோ நாள். காலையில்தான் மாத்திரை போட்டிருப்பேன்.

அந்த அக்டோபர் கடைசியில் நீ போய்விட்டாய். அன்றும் மழை. குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்ததால் வாளியால் இறைத்துவிட்டுத்தான் பெட்டியை இறக்கினார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்றார்.

"அந்த மாத்திரதான் என் தங்கச்சிய முழுங்கிச்சு," என்றார். "நீ அத்தத் தொட்றது இல்லியே?"

"இல்லை," என்றேன்.

நாம் அதைப் பகிர்ந்துகொண்டோம் என்பது அவருக்குத் தெரியாது. கம்பெனியில் எவளோ சொல்லி நீயாக வாங்கினாய் என்றுதான் அவரும் நம்பினார். உன் பொய்யின் நிழலில் நான் இன்னும் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டால், இந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவேன். மாதவிலக்கு மாத்திரை என்று சாமியாரிடம் எந்த வாயால் சொல்ல? அதையே சாக்காக வைத்துக்கொண்டேன்.

இந்த வருஷம் ஜூன் மாதம், ஒரு சாயங்காலம் வாசலில் அண்ணனும் அடுத்த வீட்டு ராகவனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ராகவன் தன் மனைவி வசந்தாவுக்கு டாக்டர் ஏதோ ஹார்மோன் மாத்திரை எழுதியிருக்கிறார் என்றார். அண்ணன் குரல் உடனே உயர்ந்தது.

"இன்னா ராகவா, தெரிஞ்சிகினே விஷத்தக் குடுக்கிறியா? என் தங்கச்சி கதி தெரியும்ல? எங்க வூட்டம்மாவைப் பாரு. ஒண்ணுமே போட்டுக்கல. பல்லக் கடிச்சிக்கினு தாண்டிட்டா. தூக்கிப் போடச் சொல்லு அத்த!"

வசந்தா தூக்கிப் போட்டுவிட்டாள். டீச்சரே மாத்திரை இல்லாமல் இருக்கும்போது எனக்கென்ன என்று சொன்னாளாம். அடுத்த இரண்டு வாரம் அவள் தன் பிள்ளைகளைத் திட்டுவதும், பாத்திரம் விழுவதும், பிறகு அழுவதும் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல், பிலோ. ஷீலாவை அறைந்த அன்றைக்கு என் தொண்டையில் இருந்த குரல்.

டாக்டரம்மாவிடம் போனேன். வழக்கமான பரிசோதனை முடிந்தது. "ஆறு வருஷம் ஆச்சு டீச்சர். நிறுத்திப் பாக்கலாமான்னு யோசிங்க," என்றார். "இப்ப வர்ற மாதவிலக்கு தானா வருதா, மாத்திரையால வருதான்னே நிறுத்தினாத்தான் தெரியும். இன்னும் கொஞ்ச நாள் தொடரணும்னாலும் தொடரலாம். ரெண்டுலயும் கஷ்டம் இருக்கு. முடிவு உங்களோடது."

அப்போதுதான் கேட்டேன். "பிலோமினாவுக்கு வந்தது இதனாலதானா டாக்டர்?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது. கட்டி முன்னாடியே சின்னதா இருந்திருக்கலாம், மாத்திரை அத வளத்திருக்கலாம். மாத்திரையே இல்லாமலும் வந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது."

"அவ கடையில கேட்டு வாங்கல டாக்டர். என் சீட்டுல நான்தான் வாங்கிக் குடுத்தேன்."

"தெரியும்," என்றார். "அன்னிக்கே உங்க முகத்தைப் பாத்தேன்."

நான் அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. சொன்னார்: "மாத்திரை குடுத்தது பெரிசில்ல டீச்சர். கூட்டிட்டு வந்திருக்கணும். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை நான் அவங்களையும் பாத்திருந்தா, முன்னாடியே கண்டுபிடிச்சிருக்கலாம்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த பேனாவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அன்றைக்கு ஸ்டேஷன் மேம்பாலத்தில் பாதி வழியில் நின்றுவிட்டேன். கீழே மூன்று ரயில் வந்து போயிற்று. இத்தனை நாளும் மாத்திரையா, இல்லையா என்று அந்த ஒரு கேள்வியையே பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்கு விடை கிடையாது என்பதால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது. உன்னை ஏன் கூட்டிக்கொண்டு போகவில்லை என்ற கேள்விக்கோ விடை இருந்தது.

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சீட்டு, உன் பொய், என் பொய், மாதா சத்தியம், அன்று காலை போட்ட மாத்திரை வரைக்கும். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு கேட்டார். சோறு காய்ந்து விரலில் ஒட்டிக்கொண்டது. அப்புறம் எழுந்து கையைக் கழுவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. டிபன் டப்பாவை வாங்கிக்கொள்வார், வைப்பார். ராத்திரி உன் போர்ஷனில் போய்ப் படுத்துக்கொண்டார். பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தங்கச்சியைக் கொன்றவள் என்று சொல்வார், கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்கு பயமா கீது ரீட்டா," என்றார். "வூட்ல ஒருத்தியாச்சும் இருக்கணும்."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் ஒருவேளை நான் தொடர்ந்திருப்பேன்.

நிறுத்துவது என்று முடிவு செய்தேன். உன்னைக் கொன்றது மாத்திரைதான் என்று நம்பி இல்லை. அப்படி நம்ப எனக்கு உரிமையும் இல்லை. மாத்திரை இல்லாமல் நான் யார் என்று ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளப் பயம். அவருக்கு ஒரு பயம், எனக்கு ஒரு பயம். இரண்டில் அவருடையது பெரிதாகத் தெரிந்தது. டாக்டரம்மா சொன்னபடி ஒரேயடியாக இல்லாமல் ஆகஸ்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, செப்டம்பர் கடைசியில் முழுசாக விட்டேன்.

வசந்தாவிடமும் போய்ச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள், இன்றைக்கும் அப்படித்தான் பார்க்கிறாள். ஆனால் மறுபடி டாக்டரிடம் போய், முறையாகப் பரிசோதித்துக்கொண்டு, மாத்திரையைத் தொடர்கிறாள். அவள் நன்றாக இருக்கிறாள்.

நான் நன்றாக இல்லை, பிலோ. நெருப்பு முன்பைவிட மோசமாகத் திரும்பி வந்திருக்கிறது. போன மாதம் பத்தாம் வகுப்பில் ஒரு பெண் கொட்டாவி விட்டாள். என் கை மேஜையிலிருந்து கிளம்பியது எனக்குத் தெரிந்தது. சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன், மணி அடிக்கும்வரை. அன்றைக்கே தலைமை ஆசிரியையிடம் போய், என்னைப் பத்தாம் வகுப்பிலிருந்து மாற்றிவிடுங்கள் என்று கேட்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். இப்போது ஆறாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித் தருகிறேன். பொதுத்தேர்வு வரை கொண்டுபோய் விடவேண்டிய பிள்ளைகளை நடுவில் விட்டுவிட்டேன். நான் போகும்போது அவர்கள் வணக்கம் சொல்வதைப் பார்க்க முடியவில்லை.

ஈஸ்டர் வரைக்கும் பார்க்கலாம், முடியவே இல்லையென்றால் மறுபடி யோசிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். நான் தாங்குவேனா, தெரியவில்லை. நீ இருந்தால் என்ன சொல்வாய்? தாங்கு என்பாயா, போட்டுக்கொள் என்பாயா? அந்த இருபத்து மூன்றாவது நாளின் வார்த்தையை நினைத்துக்கொண்டே இருந்தாயா, மறந்தாயா? என் பொய் உனக்குத் தெரிந்தே இருந்ததா? தெரிந்தும்தான் விசிறினாயா? இதையெல்லாம் கேட்க எனக்கு ஒன்றரை வருஷம் இருந்தது.

இன்று காலை அண்ணன் அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"தூக்கம் வந்துச்சா?"

முன்பெல்லாம், "ம், நல்லா தூங்கினேன்" என்பேன். "வரல," என்றேன்.

"எனக்கும் தாம்மே," என்றார். டம்ளரை எடுத்து அவரே காபியை ஆற்றி, பாதியை என் பக்கம் நகர்த்தினார்.

நிறுத்தியே இருப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன், கண்ணு. ஒரு தடவை கொடுத்தது போதும். இதை மட்டும் கொடுக்கிறேன்: தொடர்ந்தாலும் விட்டாலும், என் உடம்புக்குள் நடப்பதை உன் அண்ணனிடம் இனி ஒரு நாளும் மறைக்கமாட்டேன். எவளாவது என்னிடம் வந்து ரகசியமாகக் கேட்டால், அவள் எவ்வளவு கூச்சப்பட்டாலும், எவ்வளவு அழுதாலும், கையைப் பிடித்து அந்த வரிசையில் கொண்டுபோய் உட்காரவைத்து, அவள் பெயரைக் கூப்பிடும்வரை நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன்.

உன்னிடம் பொய் சொன்னவள்,
உன் அண்ணி,
ரீட்டா